கேளாதவர் யார்?

திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய இரண்டு அதிகாரங்களையும் அடுத்து, 42ஆம் அதிகாரமாகக் 'கேள்வி' அமைந்துள்ளது. நூல்களைக் கற்கும் வாய்ப்பு இல்லாதவனும் கற்றோர் சொல்லக் கேட்டு உயரலாம் என்பதும், செவிவழியே வரும் செல்வம் செல்வங்களுள் தலையாயது என்பதும் அவ்வதிகாரம் உணர்த்தும் கருத்துகள். முப்பது ஆண்டுக்கால ஆசிரியப் பணியில் அதனை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். விளக்கி முடித்ததும் மாணவர்கள் தலையசைப்பார்கள், மணி அடிக்கும், அடுத்த பாடம் தொடங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து நின்று, "அப்படியானால் காது கேளாதவர்கள் ஏழைகளா, ஐயா?" என்று கேட்டாள். அவர்களுக்குக் கண் உண்டு, கருத்து உண்டு என்று ஏதோ ஒரு விடை கூறினேன். மாணவி அமர்ந்துவிட்டாள். அவள் எழுப்பிய வினா என் நெஞ்சில் அமரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அவ்வினாவுக்கு விடை சொல்லும் தகுதியை நான் பல ஆண்டுகளுக்கு முன்பே இழந்திருந்தேன்.

செவிப்புலன் அற்றோரின் வாழ்வை எழுதி வைக்கும் கடமை நமக்கு உண்டா? உண்டு எனில், அவர்தம் குறையை எழுதுவதா, வாழ்வை எழுதுவதா? யாரைக் கேட்டு எழுதுவது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பழைய நூல்கள் இவர்களை எவ்வாறு குறித்தன என்பதை முதலில் நோக்குவோம். புறநானூற்றின் 28ஆம் பாட்டு, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குப் பாடியது. மக்கட் பிறப்பில் நேரும் குறைகள் எட்டினை அப்புலவர் வரிசைப்படுத்துகிறார். குருடும், கூனும், குறளும் இடம்பெறும் அவ்வரிசையில் ஊமையும் செவிடும் உண்டு. அவற்றுக்கு அவர் இட்ட பொதுப்பெயர் 'எச்சம்' என்பது. புலவரைக் குறை கூறுவது என் கருத்தன்று. அவர் காலத்து உலகம் அவ்வாறு கண்டது. அவர் அவ்வாறு பாடினார்.

ஆயினும், இலக்கணம் கற்பிக்கும் நமக்கு 'எச்சம்' என்ற சொல் வேறொரு பொருளையும் தருகிறது. 'வந்த' என்பது பெயரெச்சம். 'வந்து' என்பது வினையெச்சம். இவை பொருளற்ற சொற்கள் அல்ல. தம்மை முடித்துவைக்கும் இன்னொரு சொல்லை நோக்கி நிற்பவை. அச்சொல் வாராதொழியின் தொடர் முற்றுப்பெறாது. அக்குறை நின்ற சொல்லின் குறையா, வாராத சொல்லின் குறையா? மனிதரையும் இவ்வாறே எண்ணிப் பார்க்கலாம். காது கேளாத ஒருவர் கையசைத்துப் பேசுகிறார். எதிரில் நிற்பவர் அதனை அறிந்தால் அங்கே பேச்சு முற்றுப்பெறுகிறது. அறியாவிட்டால் மட்டுமே எச்சமாகிறது.

இஃது ஏட்டளவில் எழுந்த எண்ணமன்று. நான் பிறந்து வளர்ந்தது செர்டாங் வட்டாரத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில். 1970களில் எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் பிறவியிலேயே காது கேளாத ஒருவர் வாழ்ந்தார். பால்மரம் சீவுவதில் அவருக்கு நிகரானவர் சிலரே; பட்டையைக் காயப்படுத்தாத கை அவருடையது. தோட்டத்தில் அனைவரும் அவரை 'ஊமையன்' என்றே குறிப்பிட்டனர். அதில் வெறுப்பு இல்லை. அதுவே அவர் பெயர் என்று நாங்கள் சிறுவர்கள் நம்பினோம்.

விடியுமுன் பிரட்டுக்கு மணி அடிக்கும். அவருக்கு அது கேளாது. அவர் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே பலகைச் சுவர். பலகைகளுக்கிடையே விரலளவு இடைவெளி. அதன் வழியே ஒரு கயிறு சென்றது. அதன் ஒரு முனை அவர் மணிக்கட்டில் கட்டப்பட்டிருக்கும். மறுமுனை அடுத்த வீட்டு அம்மையாரிடம் இருக்கும். மணி அடித்ததும் அம்மையார் கயிற்றை இழுப்பார். ஆண்டுக்கணக்கில் ஒரு நாளும் அவர் பிரட்டுக்குத் தவறியதில்லை என்பார்கள்.

அந்த அம்மையாரின் குடும்பமும் சுற்றியிருந்த நான்கைந்து வீட்டாரும் அவரோடு தாராளமாகக் கைகளால் உரையாடினர். தொப்பியைத் தொடுவதுபோல் காட்டினால் தோட்டத்துத் துரை. மீசையை முறுக்கினால் கங்காணி. கட்டைவிரலால் விரல் நுனிகளைத் தேய்த்தால் சம்பள நாள். மழை வரும், வேலை நிற்கும் என்பதற்கு ஒரு சைகை. பால் கெட்டியாகிவிட்டது என்பதற்கு ஒரு சைகை. எனக்கும் ஒரு சைகை வைத்திருந்தார். சிறுவயதில் வரப்பில் விழுந்து என் முன்பல் ஒன்று உடைந்திருந்தது. என்னைக் குறிக்க வேண்டும்போதெல்லாம் அவர் தம் முன்பல்லைச் சுட்டுவிரலால் தட்டிக் காட்டுவார்.

நான் படித்து ஆசிரியப் பயிற்சிக்குச் சென்றேன், ஆசிரியன் ஆனேன். 2003ஆம் ஆண்டு அத்தோட்டம் கைமாறி, மக்கள் வெளியேறும் நிலை வந்தது. நினைவு மலர் ஒன்று தொகுக்குமாறு பழைய மாணவர்கள் என்னைப் பணித்தனர். ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று முதியவர்களைப் பேச வைத்தேன். அவர்கள் கப்பலில் வந்த கதையையும், சப்பானியர் காலத்துத் துயரையும், கோயில் கட்டிய வரலாற்றையும் பதிவு செய்தேன். அம்மனிதர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வந்து அமர்ந்து, பேசுவோரின் முகத்தையே நோக்கிக்கொண்டிருந்தார். இறுதி நாளன்று என் முன்னே வந்து நின்றார். முன்பல்லைத் தட்டினார். கருவியைச் சுட்டினார். பின்னர்த் தம் மார்பைத் தொட்டு, உள்ளங்கையை விரித்தார். 'நான்?' என்பது அதன் பொருள். எனக்கு அது விளங்கிற்று. விளங்கியும், ஒலிப்பதிவுக் கருவியால் அவரை என்ன செய்வது என்று எண்ணி, புன்னகைத்து, தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்தேன். தட்டெழுத்துப் பொறியோ, எழுதுகோலோ, ஒரு தாளோ என்னிடம் இல்லாமல் இல்லை. இல்லாதிருந்தது எண்ணம்.

மலர் வெளிவந்தது. அதில் அவர் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் மறைந்தார். நீத்தார் அறிவிப்பு எழுதுவதற்குப் பெயர் வேண்டியிருந்தது. எவருக்கும் தெரியவில்லை. இறுதியில் அவருடைய அடையாள அட்டையில்தான் பெயரைக் கண்டோம். தம் மொழியில் எனக்கு அவர் ஒரு பெயர் வைத்திருந்தார். என் மொழியில் அவருக்கு நான் ஒரு பெயரும் வைத்திருக்கவில்லை. மொழியாசிரியன் என்று சொல்லிக்கொண்டவன் நான்.

இக்குற்றவுணர்வோடு பின்னாளில் நூல்களைத் தேடியபோது, உலகின் மறுகோடியிலுள்ள ஒரு தீவின் வரலாறு கிடைத்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலக் கரைக்கு அப்பால் மார்த்தாஸ் வின்யார்ட் என்றொரு தீவு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய ஆங்கிலேயருள் சிலர் கெண்ட் பகுதியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் குருதியில் பிறவிச் செவிடு மரபாக வந்தது. தீவில் உறவுக்குள்ளேயே மணவினைகள் நிகழ்ந்தமையால் தலைமுறைதோறும் காது கேளாதோர் பிறந்தனர். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் ஏறத்தாழ 5,700 பேருக்கு ஒருவர் என்ற அளவில் காது கேளாதோர் இருக்க, அத்தீவில் 155 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருந்தனர். சில்மார்க் என்ற ஊரில் 25 பேருக்கு ஒருவர்.

இதில் வியப்பு எண்ணிக்கையன்று; ஊராரின் நடத்தை. காது கேட்போரும் சைகை மொழியைக் குழந்தைப் பருவத்திலேயே கற்றனர். படகுக்குப் படகு மீனவர்கள் சைகையால் பேசினர்; தொழுகை இடத்திலும் கடைவாயிலிலும் சைகை வழங்கியது. காது கேளாதோர் இல்லாத இடத்திலும் காது கேட்போர் தமக்குள் அதைப் பயன்படுத்தினர். காது கேளாதோர் மணம் புரிந்தனர், நிலம் வாங்கினர், ஊர்ப் பொறுப்புகளும் வகித்தனர்.

இத்தீவு மக்களை இருவர் இருவேறு காலங்களில் பதிவு செய்தனர். ஒருவர் தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல். 1880களில் அவர் தீவுக் குடும்பங்களின் வழிமரபை ஆராய்ந்தார். செவிடு எவ்வாறு வழிவழி வருகிறது என்பதே அவர் வினா. மெண்டலின் மரபியல் விதிகள் 1900ஆம் ஆண்டுக்குப் பின்னரே உலகுக்குத் தெரியவந்தமையால், அவருக்கு விடை கிட்டவில்லை. அதே காலத்தில், 1883இல் அறிஞர் அவையொன்றில் அவர் படித்த ஆய்வுரை, காது கேளாதோர் தமக்குள் மணந்து பெருகி ஒரு தனி இனமாகிவிடக்கூடும் என்று எச்சரித்தது. அவர்களுக்கென விடுதிப் பள்ளிகள் வேண்டா, கல்வியில் சைகை வேண்டா, காது கேளாத ஆசிரியர் வேண்டா என்ற கருத்துகளை அது முன்வைத்தது.

பெல் கொடியவர் அல்லர். அவருடைய தாயும் மனைவியும் காது கேளாதவர்கள். அன்பினால் உந்தப்பட்டே அவர் உழைத்தார். எனினும், 'இவர்களிடம் என்ன குறை?' என்ற வினாவோடு சென்றவருக்குக் குறையே தென்பட்டது.

மற்றவர் நோரா எலன் குரோஸ் என்னும் மானிடவியலார். 1970களின் இறுதியில் அவர் ஆய்வைத் தொடங்கியபோது, அம்மரபில் வந்த காது கேளாதோர் எவரும் உயிரோடு இல்லை. கடைசியானவர் 1952இல் இறந்துவிட்டார். ஆகவே அவர் தீவின் முதியவர்களிடம் சென்றார். அவர்கள் காது கேட்போர். 'அவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள்?' என்பது அவர் வினா. முதியவர்கள் தம் அண்டை வீட்டாரைப் பற்றி நினைவுகூர்ந்தபோது, இன்னார் நல்ல மீனவர், இன்னார் நல்ல உழவர் என்றே முதலில் சொன்னார்கள். காது கேளாதவர் என்பது கேட்டபின் நினைவுக்கு வந்த செய்தியாக இருந்தது. அவர் எழுதிய நூல் 1985இல் வெளிவந்தது. ஒரே தீவு, ஒரே மக்கள். ஒரு பதிவில் அவர்கள் நோயின் சான்றுகள், மற்றொன்றில் அயலார்.

தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்கு வினா என்றும் பொருள் உண்டு, செவிமடுத்தல் என்றும் பொருள் உண்டு. இவ்விரண்டும் ஒரே சொல்லில் அமைந்தது தற்செயலாக இருக்கலாம்; ஆனால் உண்மை. நாம் எதை வினவுகிறோமோ அதுவே நம் காதில் விழும்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். காது கேளாதோர் மிகுதியாக இருந்த தீவில் ஊரார் சைகை கற்றனர்; ஒருவரே இருந்த தோட்டத்தில் ஒருவருக்காக ஊரே கற்குமா என வினவலாம். அத்தீவிலும் அவர்கள் சிறுபான்மையரே. பாலித் தீவின் வடபகுதியில் பெங்காலா என்னும் சிற்றூர் உண்டு. ஏறத்தாழ 3,000 பேர் வாழும் அவ்வூரில் காது கேளாதோர் நாற்பதின்மருக்குச் சற்று மிகுதி. ஆயினும் ஊராரில் மிகப் பலர் 'காதா கொலோக்' என்னும் சைகை மொழியை அறிவர். பாலித் தீவினரான மர்சாஜா என்னும் ஆய்வாளர் அவ்வூரைப் பற்றி எழுதிய நூல் 2008இல் வந்தது. எண்ணிக்கை துணைசெய்யும் என்பது மெய்யே. ஆனால் எங்கள் லயத்தில் ஒருவருக்காக ஐந்து வீட்டார் கற்றார்களே! பலகைச் சுவரின் அண்மை அவர்களைக் கற்க வைத்தது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவர் எவரோ அவர் கற்றுக்கொண்டார்.

பாலியை விட்டு நமக்கு மிக அருகிலுள்ள தீவுக்கு வருவோம். செர்டாங் மக்களுக்குப் பினாங்கு அயலூர் போன்றது. பெருநாளுக்குத் துணி எடுக்கவும், தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கும் நாங்கள் அங்கே செல்வோம். 1985இல் பாலம் திறக்கப்படும்வரை பட்டர்வொர்த்தில் பெரி ஏறிக் கடல் கடந்தோம். அத்தீவின் தஞ்சோங் பூங்காவில் காது கேளாதோர்க்கான கூட்டரசுப் பள்ளி அமைந்தது. 1954இல் தொடங்கப்பெற்ற அப்பள்ளிக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து விடுதியில் தங்கிப் படித்தனர். மலாய், சீன, தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே ஒன்றுகூடினர்.

அக்காலத்தில் வாய்ப்பேச்சு முறையே உலகெங்கும் ஓங்கியிருந்தது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, சைகையை விலக்கிப் பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அங்கு வாக்களித்தோரில் மிகப் பெரும்பாலோர் காது கேட்போர். அத்தீர்மானத்தின் நிழல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது. 2010இல்தான், வான்கூவர் நகரில் கூடிய அதே மாநாட்டு வரிசையினர் அதனைப் புறக்கணித்து வருத்தம் தெரிவித்தனர்.

தஞ்சோங் பூங்காப் பிள்ளைகளும் வகுப்பில் உதடு நோக்கவும் ஒலி எழுப்பவும் பயின்றனர். வகுப்பு முடிந்ததும் விடுதியிலும் திடலிலும் கைகளால் பேசினர். எந்தப் பாடத்திட்டமும் கற்பிக்காத அப்பேச்சு ஒரு மொழியாக வளர்ந்தது. இன்று அதனைப் பினாங்குச் சைகை மொழி என்கிறோம். பின்னர் அமெரிக்கச் சைகை மொழியின் செல்வாக்கும், மலாய் மொழியின் சொல்லொழுங்கைக் கையால் காட்டும் பள்ளிமுறையும் வந்தன. 1990களின் இறுதி முதல் மலேசியச் சைகை மொழி நாடெங்கும் வேரூன்றியது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டம் காது கேளாதோரின் அதிகாரத்துவ மொழியாக அதனை ஏற்றது. பினாங்குச் சைகை மொழியை இன்று பெரும்பாலும் முதியவர்களே பேசுகின்றனர்.

எண்ணிப் பாருங்கள். புலவர்கள் இல்லை, சங்கம் இல்லை, இலக்கணம் வகுத்தோர் இல்லை. பிள்ளைகளே ஒரு மொழியை ஆக்கினர். நம் கண்ணெதிரே நிகழ்ந்த இச்செயலை மொழிப்பற்று மிக்க நாம் எங்கே எழுதி வைத்தோம்? அப்பள்ளியின் முதல் மாணவர்கள் இன்று எண்பதை நெருங்கியோ கடந்தோ இருப்பர். அவர்களுள் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தோரும் இருப்பர். வின்யார்ட் தீவுக்கு நேர்ந்த காலத்தாழ்வு நமக்கு இன்னும் முழுமையாக நேரவில்லை. அங்கே காது கேளாதோரைப் பற்றி அயலார் மட்டுமே சொல்ல முடிந்தது. இங்கே அவர்களே தம் கைகளால் சொல்ல இன்னும் சில ஆண்டுகள் உள்ளன.

இவ்விடத்தில் தமிழாசிரியர்களாகிய நாம் எதிர்கொள்ள வேண்டிய கடினமான வினா ஒன்று உண்டு. தமிழ் பேசுவோரே தமிழர் என்று மேடைதோறும் முழங்குகிறோம். காது கேளாத தமிழ்க் குழந்தை வீட்டில் தாயின் உதட்டசைவைக் காண்கிறது. பள்ளியில் சைகை மொழியையும் எழுத்தளவில் மலாயையும் கற்கிறது. தமிழ்ப்பள்ளியின் வாசல்வழி அது பெரும்பாலும் வருவதில்லை. நம் வரையறைப்படி அக்குழந்தை யார்? தாயும் தந்தையும் பொங்கலிடும் வீட்டில் அது விருந்தினரா? நாவால் மட்டுமே தமிழை அளந்தால், நம் சொந்தப் பிள்ளைகளையே வேலிக்கு வெளியே நிறுத்துகிறோம். வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் வைத்தார். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் வகுத்தார். உடலும் கண்ணும் பேசும் என்பதை ஏற்ற மரபு நம்முடையது. அம்மரபில் இவர்களுக்கு இடமில்லை என்று எவரும் சொல்ல இயலாது. ஆனால் இவர்களுக்கு இடம் தந்தோம் என்றும் நாம் சொல்ல இயலாது.

எழுதுவோம் என்று முடிவு செய்தாலும், எவ்வாறு எழுதுவது என்பதில் அறம் உண்டு. இரக்கத்தை விளைவிப்பதற்காக எழுதப்படும் வாழ்வு, எழுதுவோரின் நல்லுள்ளத்தையே காட்டும், எழுதப்படுவோரைக் காட்டாது. அவர் என்ன தொழில் செய்தார், எதில் வல்லவர், எவரோடு சண்டையிட்டார், எதைக் கண்டு நகைத்தார் என்பனவும் இடம்பெற வேண்டும். காது கேளாதவரைப் பற்றி அவருடைய உறவினரைக் கேட்பதற்கு முன் அவரையே கேட்க வேண்டும். நமக்குச் சைகை தெரியாதெனின் தெரிந்தவரைத் துணைக்கு அழைக்க வேண்டும். எழுதியதை அவருக்குக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். எழுத வேண்டா என்று அவர் சொன்னால் எழுதாமல் விடுவதும் பதிவின் அறமே. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களே தம் வரலாற்றைக் காணொளியில் பதிவு செய்ய முனைந்தால், நம் அவைகளில் அதற்கு இடம் தர வேண்டும். இன்று கைப்பேசி ஒன்று போதும். 2003இல் என்னிடம் இருந்த கருவி ஒலியை மட்டுமே பிடித்தது; அதனை ஒரு சாக்காக நான் சொன்னேன். அச்சாக்கும் இன்று இல்லை.

அம்மனிதர் மறைந்தபின், கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த அம்மையாரைத் தேடிச் சென்றேன். அவர் மகன் வீட்டில், முதுமையின் தளர்ச்சியில் இருந்தார். அவருடைய பெயரைப் பற்றிக் கேட்டேன்.

"பேரு என்னத்துக்குத் தம்பி? கூப்பிட்டாலும் கேக்காதே. இப்படிக் காட்டினா வந்துடுவாரு" என்று சொல்லி, மணிக்கட்டை இரு விரலால் பற்றி இழுத்துக் காட்டினார்.

அதுதான் அந்த லயத்தில் அவருக்கு வழங்கிய பெயர். இத்தனை ஆண்டுகள் நான் அறிந்திராத பெயர். அன்று மாலை அம்மையாரின் நினைவில் எஞ்சிய சைகைகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். பன்னிரண்டு கிடைத்தன. குறிப்பேட்டின் இரண்டு பக்கங்கள். ஐந்து வீட்டார் பல ஆண்டுகள் பேசிய ஒரு பேச்சில் இன்று எஞ்சியிருப்பது அவ்வளவே. மறு ஆண்டு அம்மையாரும் காலமானார். அடையாள அட்டையிலுள்ள பெயரை இங்கு நான் எழுதவில்லை. எழுதலாமா என்று அவரைக் கேட்க வேண்டிய நாளில் நான் கேட்கவில்லை.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! உங்கள் ஊரிலும் தோட்டத்திலும் பெயர் மறைந்து, பட்டப்பெயரால் மட்டும் அறியப்பட்ட ஒருவர் இருப்பார். தோட்ட வரலாறும், பள்ளி மலரும், கோயில் மலரும் எழுதும்போது அவர் வாசலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் செல்லுங்கள். அவர் பெயரை அறியுங்கள். அவர் உங்களுக்கு இட்ட பெயரையும் கேட்டறியுங்கள்.

நல்லோர் சொற்களால் துளைக்கப்படாத செவி, ஓசையைக் கேட்டாலும் செவிட்டுச் செவியே என்று அதே கேள்வி அதிகாரத்தில் வள்ளுவர் கூறுகிறார். காது கேளாதவர்கள் ஏழைகளா என்று என் மாணவி கேட்டாள். அவளை இன்று கண்டால் சொல்வேன்: "இல்லை அம்மா. அன்று அந்த வாசலில் எல்லாம் கேட்கும் காதோடு நின்ற ஏழை நான்தான்."